வேனில் தம்பி சொன்னது

முதல் முறை அது வந்தபோது எனக்குப் பயமாக இல்லை. உண்மையைச் சொன்னால், சுகமாக இருந்தது.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. அன்று பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். அடிவயிற்றிலிருந்து வெதுவெதுப்பாக ஏதோ ஒன்று கிளம்பி நெஞ்சுக்கு ஏறியது. கூடவே, இந்த நொடி எனக்கு ஏற்கெனவே நடந்திருக்கிறது என்ற எண்ணம் வந்தது. கரும்பலகையில் நான் எழுதிய முக்கால், சத்துணவுக் கூடத்திலிருந்து வரும் சாம்பார் வாசனை, முன்வரிசைப் பிள்ளையின் இருமல், எல்லாம் முன்பே தெரிந்தவை. அடுத்து என்ன வரப்போகிறது என்பதும் நுனிநாக்கில் இருப்பது போலிருந்தது.

அடுத்து என்ன வந்தது என்பது எனக்குத் தெரியாது. மறுபடி நான் பார்த்தபோது சாக்பீஸ் தரையில் கிடந்தது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியை வாசலில் நின்றிருந்தார்.

"இன்னாச்சு டீச்சர்? வாய மென்னுகினே இருந்தீங்க. புடவத் தலைப்ப புடிச்சி புடிச்சி இழுத்தீங்க. கூப்ட்டா திரும்பவே இல்ல" என்றார்.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். 'ஒன்றுமில்லை' என்ற சொல் கிடைக்கவில்லை. அதைத் தேடி எடுக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

இதை நான் சில வாரங்கள் வீட்டில் மறைத்தேன். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் மறைத்துக்கொண்டிருக்கலாம். வேண்டாம். ஒரு காலையில் தோசைக்கல் முன் நின்றபோது அது வந்தது. நினைவு திரும்பியபோது என் வலது உள்ளங்கை கல்லின் மேல் இருந்தது. கணவர் குமரேசன் என்னைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் யாழினி கதவோரம் நின்று அழுதாள். கை பொசுங்கிய வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் வலி தெரிந்தது.

குமரேசன் வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். எங்கள் வீடும் அங்கேதான். அன்று விடுப்புச் சொல்லிவிட்டு என்னைத் திருவண்ணாமலையிலேயே ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "கொழந்தையா இருக்கும்போது காய்ச்சல்ல வலிப்பு வந்திருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. ஊரிலிருந்த அம்மாவுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். "வந்துதே. ஒண்ணர வயசு உனக்கு. அரமணி நேரம் நிக்கல. தோள்ல போட்டுகினு ஓடனேன்" என்றாள். அம்மா அதை எனக்குச் சொன்னதே இல்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இரு பக்கமும், காதுக்கு நேர் உள்ளே, ஹிப்போகேம்பஸ் (நடந்தவற்றை நினைவாக்கும் பகுதி, கடல்குதிரை போல வளைந்திருக்கும்) என்ற ஒன்று இருக்கிறது. சுண்டுவிரல் அளவுதான். என்னுடைய இடதுபக்கத்து ஹிப்போகேம்பஸ் சுருங்கி, தழும்பேறி இருந்தது. குழந்தைக் காய்ச்சலில் பட்ட காயமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். முப்பது வருடம் பேசாமல் இருந்துவிட்டு அது இப்போது வலிப்பாக வெளிவந்திருக்கிறது. வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் உதைப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். சுகமாகக்கூட வலிப்பு வரும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மாத்திரை ஆரம்பித்தோம். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. தூக்கமும் மந்தமும்தான் ஜாஸ்தியானது, வலிப்பு நிற்கவில்லை. இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று ஒரு வகை உண்டு, உங்களுடையது அதுதான், இனி சென்னையில் பார்ப்பது நல்லது என்று மருத்துவரே சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. அது எனக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாழினி குமரேசனின் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். சாத்தனூர் அணையில் நாங்கள் மூவரும் நிற்கும் படம் வந்தது. நான் பச்சைப் புடவையில் இருந்தேன். யாழினி ஒரு மாங்காய்க் கீற்றைக் கடித்து முகத்தைச் சுளித்திருந்தாள். நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"இது எப்ப போனோம்?" என்றேன்.

யாழினி அப்பாவைப் பார்த்தாள். குமரேசன் மெதுவாக, "போன மாசம்" என்றார்.

மங்கலாகக்கூட நினைவில் இல்லை. அணையும் இல்லை, பேருந்தும் இல்லை, மாங்காயும் இல்லை. அந்தப் புடவையை நான் எப்போது கட்டினேன் என்பதும் இல்லை. மறந்துவிட்ட ஒன்றை யாராவது சொன்னால், 'ஆமாம்' என்று உள்ளே ஏதோ அசையுமே, அது அசையவில்லை. அன்று ஒரு முழுநாள் நான் சந்தோஷமாக இருந்திருக்கிறேன். அந்த நாள் எனக்குள் தங்கவே இல்லை.

சென்னை மருத்துவமனையில் தலை முழுக்கக் கம்பிகளை ஒட்டி, கேமராவுக்கு முன் நான்கு நாள் படுக்க வைத்தார்கள். வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பதற்காக மாத்திரையைக் குறைத்து, வேண்டுமென்றே அதை வரவழைப்பார்கள். மூன்றாம் நாள் வந்தது. பிறகு அந்தப் பதிவை எனக்குக் காட்டினார்கள். திரையில் நான் மெல்லுகிறேன். கை போர்வையைப் பிசைகிறது. செவிலியர் கூப்பிடுகிறார். என் கண்கள் திறந்திருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. என் வாழ்க்கையில் நடந்த ஒன்றை அந்நியரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலிப்பு இடது ஹிப்போகேம்பஸிலிருந்துதான் கிளம்பியது. அதை எடுத்துவிட்டால் வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் அங்கிருந்த மருத்துவர். ஐம்பது வயதை ஒட்டிய அம்மையார். நிதானமாகப் பேசுபவர்.

"நினைவ உண்டாக்கற இடத்த எடுத்துட்டா, என் நினைவெல்லாம் போயிடாதா மேடம்?" என்று கேட்டேன்.

அவர் ஒரு தாளை எடுத்து மூளையை வரைந்தார். "ஒரு சம்பவம் நடக்குதுன்னு வைங்க. பாத்தது மூளையோட பின்பக்கத்துல பதியும். கேட்டது பக்கவாட்டுல. அப்ப பயந்தீங்களா, சந்தோஷப்பட்டீங்களாங்கறது வேற எடத்துல. எல்லாம் தனித்தனியா கிடக்கும். இதெல்லாம் ஒரே நேரத்துல, ஒரே ஆளுக்கு நடந்ததுன்னு சேத்துக் கட்டறதுதான் ஹிப்போகேம்பஸோட வேல. நீங்க தூங்கும்போது அது அன்னிக்கு நடந்தத மறுபடி மறுபடி ஓட்டுது. அப்படி ஓட்ட ஓட்ட, புறணியில (மூளையின் வெளி அடுக்கு) இருக்கற அந்தத் தனித்தனி இடங்களே ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சு கெட்டிப்படுது. அதுக்கு மாசக்கணக்காகும், சிலதுக்கு வருஷக்கணக்காகும்."

"அப்ப பழைய நினைவு எதுவும் இங்க இல்லையா?"

"பெரும்பாலும் மேல போயிருக்கும். ஆனா கண்ணு முன்னாடி நடக்கற மாதிரி ஒண்ண நினைச்சுப் பாக்கறதுக்கு ஹிப்போகேம்பஸ் எப்பவுமே வேணும்னு சொல்றவங்களும் இருக்காங்க. எங்களுக்குள்ளயே இதுல முடிவு வரல. உங்க வலதுபக்கம் நல்லா இருக்கு, அது தாங்கும்னு நினைக்கறேன். சோதிச்சுப் பாத்துட்டுத்தான் செய்வோம். ஆனா ஒண்ணும் ஆகாதுன்னு பொய் சொல்லி உங்கள மேசையில படுக்க வைக்க மாட்டேன்."

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு வந்தேன். முப்பத்தேழு வருடங்களாக ஒவ்வொரு நாளும் நான் தூங்கிய பிறகு எனக்குள் இந்த வேலை நடந்திருக்கிறது. யார் முகம் தங்க வேண்டும், எந்த மழை தங்க வேண்டும் என்று என்னைக் கேட்காமலேயே நடந்திருக்கிறது. ஒருவர் சொன்ன ஒரு சொல், நரம்பணுக்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களைக் கொஞ்சம் தடிமனாக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. நினைவு என்பதைப் புகை போன்ற ஒன்றாக நினைத்திருந்தேன். அது சதை என்று தெரிந்தபோது மலைப்பாக இருந்தது. 

அறுவை சிகிச்சை என்றதும் அம்மா கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். பச்சையம்மாள் என்பது அவள் பெயர். காலை நீட்டிச் சுவரோரம் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஏழுமலை கடசியா போன வழி உன் தலையிலதான் இருக்குது. அத்த வெட்டி எடுத்துட்டா நான் யாரப் போயி கேக்கறது?"

ஏழுமலை என் தம்பி. பதினான்கு வருடங்களுக்கு முன் இறந்துபோனான்.

குமரேசன் அம்மாவை மறுத்துப் பேசுபவர் அல்ல. அன்று பேசினார். "அத்த, அவளுக்கு போன மாசம் நடந்ததே நிக்கல. பழச காப்பாத்தறதுக்காக இனிமே வர்றத்த எல்லாம் வுட்டுடச் சொல்றீங்களா? யாழினி பெரிய மனுஷியாவறது, அவ கல்யாணம், எதுவுமே இவளுக்கு வேணாமா?"

 அம்மா எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

தம்பியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவனுக்கு அப்போது இருபது வயது. மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்குவதற்கு முன் மண் இளக வேண்டும் என்று நிலத்துக்குத் தண்ணீர் விடுவார்கள். அன்று காலை மோட்டாருக்குக் கரண்ட் வந்தும் அவன் எழுந்திருக்கவில்லை. அம்மா திட்டினாள். சோற்றுக்குத்தான் வீட்டில் இருக்கிறாயா என்று கேட்டுவிட்டாள். அவன் சாப்பிடாமல் நிலத்துக்குப் போனான். அம்மாவும் சந்தைக்குப் போய்விட்டாள். நான் பி.எட். முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்த நேரம் அது. பத்து மணிக்கு அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன்.

அவன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். "அக்கா, பாம்பு கடிச்சிட்ச்சி" என்றான். மடை திருப்பும்போது கடித்திருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரரின் வேனில் பின்பக்கம் அவனை ஏற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குக் கிளம்பினேன். போகப்போக அவன் கண்ணிமைகள் தொங்கின. அவனால் அவற்றைத் தூக்க முடியவில்லை. ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நாக்கு குழறியது. தண்ணீர் கேட்டான். "அம்மா மேல கோவமில்லன்னு சொல்லுக்கா" என்றான். மலை தெரிய ஆரம்பித்திருந்தது. ஊருக்குள் நுழையும் முன் அவன் மூச்சு நின்றுவிட்டது.

அவன் நினைவு நாளில் படையல் முடிந்ததும் அம்மா ஒவ்வொரு வருடமும் என் எதிரில் உட்காருவாள். "சொல்லுடி" என்பாள். நான் வரப்பிலிருந்து தொடங்கி, மலை தெரிந்த இடம்வரை சொல்வேன். அம்மா ஒரு கேள்வியும் கேட்க மாட்டாள். அவள் இல்லாத இடத்தில் அவள் பிள்ளை போன அந்த இருபது கிலோமீட்டரும் என்னிடம்தான் இருந்தது.

சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைகளுக்காக மறுபடி சென்னை போனோம். ஒரு நரம்பு உளவியல் நிபுணர் (நினைவையும் பேச்சையும் அளந்து பார்ப்பவர்) மூன்று மணிநேரம் என்னைச் சோதித்தார். வார்த்தைப் பட்டியல்களைச் சொல்லச் சொன்னார். படங்களைப் பார்த்து வரையச் சொன்னார். பிறகு, வாழ்க்கையில் நடந்த ஒரு முக்கியமான சம்பவத்தை விவரமாகச் சொல்லுங்கள் என்றார். நான் வேனைச் சொன்னேன்.

எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். "இதை நிறைய தடவ சொல்லியிருக்கீங்க, இல்லையா?"

"ஆமா."

"கண்ண மூடிக்குங்க. இதுல எது உங்களுக்குக் காட்சியா தெரியுது, எது சொல்லிச் சொல்லி வார்த்தையா நிக்குது? பிரிச்சுச் சொல்ல முடியுமா?"

கண்ணை மூடினேன். இமையைத் தூக்கிப் பிடித்த அந்த விரல் தெரிந்தது. நகத்துக்குள் ஈரமண் இருந்தது. டீசல் நெடி. வேனின் தகரம் முழங்காலைச் சுட்டது. அவன் தண்ணீர் கேட்ட குரல், நாக்கு மடங்கிய குரல், அப்படியே காதில் கேட்டது.

'அம்மா மேல கோவமில்லன்னு சொல்லுக்கா' என்பதைத் தேடினேன். அந்த வாக்கியம் இருந்தது. ஆனால் அது குழறவில்லை. தெளிவாக இருந்தது. அது என் குரலில் இருந்தது.

அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. "எல்லாம் தெரியுது" என்று சொல்லிவிட்டேன். குமரேசனிடமும் சொல்லவில்லை.

மறுநாள் நடந்த சோதனையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன் என்று எழுத வருகிறது. அப்படியெல்லாம் உறுதி சொல்லும் தைரியம் இப்போது எனக்கு இல்லை. தொடை இடுக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயைக் கழுத்து ரத்தக்குழாய்வரை கொண்டுபோய், இடதுபக்க மூளையை மட்டும் சில நிமிடங்கள் தூங்க வைத்தார்கள். இடதுபக்கம் இல்லாவிட்டால் வலதுபக்கம் தனியாக நினைவை உண்டாக்குமா என்று பார்க்கும் சோதனை அது.

இரண்டு கையையும் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். மருந்து போனதும் என் வலது கை தானாக விழுந்தது. பேச்சு நின்றது. வாய் வரவில்லை என்று மட்டும் சொன்னால் சரியாக இருக்காது. எனக்குள் ஓடிக்கொண்டே இருக்குமே ஒரு பேச்சு, அதுவும் நின்றுவிட்டது. ஆனால் நான் இருந்தேன். வெளிச்சம் தெரிந்தது. யாரோ ஒருவர் ஒவ்வொரு பொருளாகக் காட்டினார். எதற்கும் பெயர் இல்லை. பெயரில்லாமலே அவற்றைப் பார்த்துக்கொண்டு நான் படுத்திருந்தேன்.

மருந்து இறங்கிப் பேச்சு திரும்பியபின், "என்னென்ன காட்டினோம்?" என்று கேட்டார்கள்.

"தெரியல" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

காட்டியதும் காட்டாததுமாகப் பல பொருள்களை முன்னால் பரப்பி வைத்தார்கள். என் விரல் நேராகப் பூட்டுக்குப் போனது. பிறகு சீப்புக்கு. பிறகு ஒரு பித்தளை மணிக்கு. அவர்கள் காட்டியிராத கத்தரிக்கோலுக்குப் போகவில்லை. எனக்குத் தெரியாது என்று நான் சொன்னதை எனக்குள் இருந்த இன்னொரு பக்கம் அறிந்து வைத்திருந்தது. மருத்துவர் சிரித்தார். "உங்க வலதுபக்கம் வேல செய்யுது" என்றார். எனக்கு அழுகை வந்தது. என்னோடு முப்பத்தேழு வருடம் சத்தமில்லாமல் ஒருத்தி இருந்திருக்கிறாள் என்பது போல இருந்தது.

தை மாதத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. இடது நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் முன்பாகத்தையும் ஹிப்போகேம்பஸையும் எடுத்தார்கள். கண் விழித்ததும் செவிலியர் பெயர் கேட்டார். தேன்மொழி என்றேன். கையிலிருந்ததைக் காட்டி இது என்ன என்றார். "எழுதறது" என்றேன். பேனா என்ற சொல் மறுநாள்தான் வந்தது.

இதே சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தலை வலிக்கும். அதைவிடத் தாடை வலிக்கும்; இட்லியைக்கூட மெல்ல முடியாது. சொற்கள் பிந்தி வரும். தெரிந்தவர்கள் எதிரில் வந்து நிற்பார்கள், பெயர் வராது. மாத்திரையை உடனே நிறுத்த மாட்டார்கள். சும்மா இருக்கும்போது அழுகை வரும். எனக்குச் சரியானது எல்லோருக்கும் சரியாகாது; சிலருக்கு மருந்தே போதும், சிலருக்கு அறுவை சிகிச்சை கூடாது. அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அம்மா எங்களோடுதான் இருந்தாள். அவள் ஏழுமலையின் பெயரையே எடுக்கவில்லை. ஒரு காலையில், குமரேசன் வேலைக்கும் யாழினி பள்ளிக்கும் போன பிறகு, முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, சொல்லட்டுமா?" என்றேன்.

அவள் கை நின்றது. "ஒடம்பு சரியாவட்டும். இப்ப எதுக்கு?"

"சொல்றேன்."

வரப்பிலிருந்து தொடங்கினேன். சில இடங்களில் சொல் கிடைக்காமல் நின்றேன். இமை என்ற சொல் வராமல் என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். ஆனால் எல்லாம் இருந்தது. விரல், ஈரமண், டீசல், தண்ணீர். அவர்கள் எடுத்துப்போட்ட துண்டில் தம்பி இல்லை.  "அம்மா மேல கோவமில்லன்னு சொல்லுக்கான்னான். அப்பறம் மல தெரிஞ்சிது" என்று முடித்தேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அது அவன் சொன்னதில்ல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. தலையில் கைவைத்ததால் ஏதோ மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கோவமில்லன்னு அவன் சொல்லல. அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நான் வந்து எறங்கனப்ப நீ இன்னா சொன்ன தெரியுமா? 'மோட்டர நிறுத்தலக்கா, போயி நிறுத்துன்னு சொல்லிகினே வந்தாம்மா'ன்னு சொன்ன. அத்தையேதான் திருப்பித் திருப்பிச் சொன்ன. மறுநாள் அவன எடுத்துட்டு வந்தப்பறம் நான்தான் நெலத்துக்குப் போயி நிறுத்தனேன். மோட்டரு ஓடிகினே இருந்திச்சி. கெணத்துல தண்ணி அடிக்குப் போயிருந்திச்சி."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"கோவமில்லன்னு நீ சொன்னது பதனாறாம் நாளு காரியத்துல. நான் சாப்புடாம கெடந்தேன். நீ பக்கத்துல வந்து ஒக்காந்து சொன்ன. உன் மூஞ்சியப் பாத்தேன். எனக்காவ சொல்றன்னு தெரிஞ்சிச்சி. கேட்டுகினேன்."

"தெரிஞ்சும் ஏம்மா வருஷா வருஷம் கேட்ட?"

"மத்ததெல்லாம் கேக்கத்தான். அவன் தண்ணி கேட்டது, கண்ணத் தூக்கிப் பாத்தது, அதெல்லாம் நெசம்தான? அத்த கேக்கணும்னா இத்தையும் சேத்துதான கேக்கணும்." பிறகு, "மோட்டர நிறுத்துன்னுதான் சொல்லியிருப்பான். அவன் அப்டித்தான்" என்றாள். மறுபடி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அந்த மோட்டார் என் தலையிலிருந்து வெட்டுப்பட்டுப் போயிற்றா என்று கேட்டேன்.

"இல்ல. அது பல வருஷத்துக்கு முன்னாடியே போயிருக்கும்" என்றார். "ஒரு நினைவை எடுக்கும்போது அது இளகுது. திருப்பி வைக்கும்போது அப்ப நீங்க சொன்னதும் சேந்து இறுகிடும். பதினாலு தடவ எடுத்து வெச்சிருக்கீங்க. உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் இப்படித்தான். நோய் இதுல இல்ல."

நோய் இதில் இல்லை என்பதை நான் வெகுநாள் யோசித்தேன். வலிப்பு என் நாட்களைத் தின்றது; அதற்கு ஒரு பெயரும் ஒரு ஸ்கேனும் இருந்தன. ஆனால் தம்பியின் கடைசிச் சொல்லை மாற்றி வைத்தது, ஆரோக்கியமான மூளை செய்யும் வேலை. அம்மாவைச் சாப்பிட வைக்க வேண்டும் என்ற என் தவிப்பு, நரம்புக்குள் போய், நடந்த சம்பவமாக இறுகிவிட்டது. எனக்கு அதில் குற்றவுணர்ச்சி இருந்தது. இப்போது அதைவிட ஆச்சரியம்தான் ஜாஸ்தி. பாசம் இந்த அளவுக்கு உடம்புக்குள் இறங்கி வேலை செய்யும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மோட்டாரை நினைவுபடுத்திப் பார்க்க எவ்வளவோ முயன்றேன். இன்றுவரை வரவில்லை. வராது என்று நினைக்கிறேன். ஆனால் அம்மா அதைச் சொன்ன காலை எனக்குள் இருக்கிறது. அதை வலதுபக்கம் ஒன்றே தனியாகக் கட்டி வைத்திருக்கிறது.

இந்த வருட நினைவு நாளில் அம்மா "சொல்லுடி" என்றாள். நான் சொன்னேன். கோவமில்லை என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். அம்மா அந்த இடத்தை அவளே சொன்னாள்: "மோட்டர நிறுத்துக்கான்னான்." பிறகு நான் மலை தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து சொல்லி முடித்தோம்.

கடைசியாக வலிப்பு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. காதுக்கு முன்னால் தழும்பு மேல் முடி வளர்ந்துவிட்டது. குளிர்நாளில் மட்டும் அங்கே மரத்துப்போகும். மாணவர்களின் பெயரைச் சில சமயம் தவறாகக் கூப்பிடுகிறேன். அவர்கள் திருத்துகிறார்கள். அடிவயிற்றில் பசியெடுத்தால்கூட ஒரு கணம் நின்று, அது ஏறுகிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

மாறியது காலம்தான். முன்பெல்லாம் நேற்றுக்கு முன்னால் ஒரு வெள்ளைத்திரை இருக்கும். அதற்குப் பின்னால் பள்ளிக்கூட வயசு, கல்லூரி, தம்பி. நடுவில் ஒன்றும் இருக்காது. இப்போது பின்னோக்கிப் பார்த்தால் நாட்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை. பள்ளி முடிந்து பேருந்துக்கு நின்றேன். மழை தூறிற்று. முதல் பேருந்தில் இடமில்லை. இரண்டாவதில் ஜன்னலோரம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண், மடியில் ஒரு முருங்கைக் கட்டு வைத்திருந்தார். இலை உதிர்ந்து என் புடவையில் ஒட்டிக்கொண்டது. நடத்துநர் சில்லறை இல்லை என்று சலித்துக்கொண்டார். வேங்கிக்காலில் இறங்கியபோது செருப்பில் சேறு. வீட்டில் யாழினி தலைவாரிக்கொள்ளாமல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ரசமும் அப்பளமும் செய்தேன். உப்பு கம்மி என்றார் குமரேசன்.

அந்த நாளில் வேறெதுவும் நடக்கவில்லை. அது அப்படியே முழுசாக என்னிடம் இருக்கிறது.